உச்சி வெயிலில் விலை போட்ட குழாய்

பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடைகளில் தொங்கவிட்டிருக்கிற அந்த அட்டையைக் கழற்றி எறியுங்கள். ஒரு வருஷம் ஓடியிருந்தால் கால்வாசி கழி, இரண்டு வருஷம் என்றால் பாதி கழி, பெட்டியில் கீறல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கழி என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்பீக்கர் என்ன கத்தரிக்காயா, நாளாக ஆக வாடிப்போவதற்கு?

ஒழுங்காகச் செய்த ஸ்பீக்கருக்கு லேசில் விலை இறங்காது. இந்தத் தொழிலில் என் தலைமுடி மொத்தமும் நரைத்துவிட்டது. விலை இறங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலும் இறக்கியவர்கள் கடைக்காரர்கள்தான். நானும் இறக்கியிருக்கிறேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். தொழில் ரகசியம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். கிராமபோன் பெட்டி, ரேடியோ, திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வாங்குவோம், விற்போம். எங்கள் பக்கத்தில் அந்த ஸ்பீக்கரைக் குழாய் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டிய சாமான். சண்டையால் கப்பல் நின்றுவிட்டது. புதுக் குழாயும் கிடையாது, அதன் அடியில் சத்தம் எழுப்புகிற யூனிட்டும் கிடையாது. ஆகவே பழைய குழாய்க்குப் புதுசின் விலையை விட அதிக விலை. உங்கள் அட்டையை அன்றைக்குக் கொண்டுவந்திருந்தால் அடுப்பு பற்றவைக்க உதவியிருக்கும்.

முதலாளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பிள்ளைகள் நல்லவர்கள். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதை மறுக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் பூந்தமல்லி மஸ்தான் பாய் ஒரு ரேடியோ ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். நான் இரண்டு கையாலும் ஏந்தி, "இன்னா கனம் பாய்! காந்தம் ஜோரா கீது!" என்று சொல்லிவிட்டேன். பாய் சிரித்துக்கொண்டே விலையை ஏற்றினார். அவர் போனதும் முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சாமானைப் பாக்காதடா, கொண்டாந்தவன் மூஞ்சியைப் பாரு. அவனுக்கு எவ்ளோ அவசரம்னு அதுல எய்தியிருக்கும். விலை அங்கதான் கீது" என்றார். எனக்குப் பெரிய வித்தை கிடைத்த மாதிரி இருந்தது. வெட்கக்கேடு, அன்று இரவு அதை நினைத்துப் பூரித்துப் போய்ப் படுத்தேன்.

குழாய்க்கு விலை வைக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழாயை அம்பத்தூர் ஏரிக்கரையில் கட்டி, இசைத்தட்டுப் போடுவார்கள். விற்க வந்தவருடைய ஆள் எதிர்க்கரைக்கு, மேனாம்பேட்டுப் பக்கம் போய் நிற்பார். கையில் ஒரு சிவப்புத் துணி இருக்கும். பாட்டின் வார்த்தை அங்கே புரிந்தால் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஏரியைத் தாண்டிய குழாய்க்கு முழு விலை, தாண்டாததற்குப் பாதி. எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் ஓடியது, எங்கே நசுங்கியது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தன் ஊர்த் திருவிழா பக்கத்து ஊருக்குக் கேட்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இந்த வழக்கத்தில் முதலாளி ஒரு கள்ள வேலை வைத்திருந்தார். நல்ல வெயிலில் சத்தம் மேலே எழும்பிப் போய்விடும், எதிர்க்கரைக்குப் போகாது. பொழுது சாய்ந்து தண்ணீருக்கு மேலே குளிர்ச்சி படர்ந்த பிறகு அதே சத்தம் ஏரி மேலேயே வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். "வாங்கறதுன்னா பன்னண்டு மணிக்கு வெச்சுக்கோ. விக்கறதுன்னா வெளக்கு வெக்கற நேரத்துக்கு வெச்சுக்கோ" என்பார். தொழில் தெரிந்தவர்கள் இதற்கு மசிய மாட்டார்கள். ஒன்று, மாலையில்தான் சோதிக்கவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். இல்லையென்றால் எதிர்க்கரையில் நிற்கிற அவர்கள் ஆள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் துணியைத் தூக்கி ஆட்டுவான். இதற்காகவே எங்கள் கடை ஆள் ஒருவனும் கூடப் போய் நிற்பது உண்டு. அதன் பிறகு சண்டை போட்டு, பேசி, ஒரு விலைக்கு வருவோம். இரண்டு பக்கமும் திருட்டுத்தனம், அதனால் கணக்கு சரியாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் கோவில்பதாகையிலிருந்து குப்பம்மாள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சாக்கில் சுற்றிய குழாயைத் தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாள். கடை வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள்.

"நைனா, இது எங்க ஊட்டுக்காரரு கொழா. திருவிழாவுக்குக் கட்டச்சொல்ல பனைமரத்துலேந்து உய்ந்துட்டாரு. இடுப்பு போயிடுச்சு. இனிமே மரம் ஏறவே முடியாதுன்னுட்டாங்க. இத்த குட்த்துட்டு ஒரு எருமை வாங்கிக்கலாம்னு வந்துகீறேன். ஆவடில பட்டாளத்துக் கேம்பு போட்டுகினு கீறாங்க இல்ல, அங்க பாலுக்கு அடிச்சிக்கிறாங்களாம்."

அவள் கணவன் பொன்னனைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பாட்டுப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, சொந்தக் குழாயைக் கட்டி, ஆவடி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், திருவிழா என்று பாட்டுப் போடுகிறவன். சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். குழாயின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது, அவன் விழுந்தபோது ஏற்பட்டதாக இருக்கும். யூனிட்டைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அதிர்ந்து சத்தம் தருகிற தகடு சுத்தமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. அவன் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அன்றைய நிலவரத்தில் அதற்கு ஒரு நல்ல கறவை எருமையின் விலை தாராளமாகக் கொடுக்கலாம். எனக்கு அது தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

முதலாளி குழாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. குப்பம்மாள் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே கரைக்கு இட்டுகினு போய்ப் பாத்துடு" என்று என்னிடம் சொன்னார். ஏரிக்கரை போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஆகிவிடும்.

நான் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டை வண்டியில் பெட்டியும் பேட்டரியும் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனோம். குழாயைக் கட்டினேன். சிவப்புத் துணியை அவள் கையில் கொடுத்து, வார்த்தை புரிந்தால் தூக்கிக் காட்டு என்று சொன்னேன். கூட அனுப்ப அன்று கடையில் ஆள் இல்லை. அவள் தனியாகவே கரையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆனது. வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டு, அந்த வெயிலில் அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நின்றதும் பாட்டைப் போட்டேன். துணி எழும்பவில்லை. அடுத்த தட்டைப் போட்டேன். எழும்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் தூக்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் தூக்குவார்கள். தூக்கிவிட்டால் முதலாளியிடம் போய் "தாண்டிடுச்சு" என்று சொல்லிவிடலாம், என் மேல் பாவம் இல்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பெண்மணி பொய் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்த்தேன், என் யோக்கியதை அவ்வளவுதான். மூன்று தட்டு ஓடி முடிந்தது. துணி அவள் கையோடு கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவள் முகம் கன்றிச் சிவந்திருந்தது. துணியை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"கேக்கல நைனா. என்னமோ இரைச்சலாட்டம் வருது, வார்த்த ஒண்ணியும் புரியல."

"நல்லா காது குட்த்துக் கேட்டியா?" என்றேன்.

"கேட்டேனே. இல்லாதத்த எப்டி கீதுன்னு சொல்றது?"

எதிர்க்கரையில் நின்று எத்தனையோ பேர் துணி தூக்கியிருக்கிறார்கள். கேட்கவில்லை என்று வந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். அந்த நேர்மையை வைத்தே நாங்கள் அவளை அடித்தோம். முதலாளி பாதி விலை சொன்னார். "இந்தத் துட்டுக்குக் கன்னுக்குட்டிதான் வரும் மொதலாளி. அது எப்போ வளந்து எப்போ கறக்கறது?" என்று கேட்டாள். முதலாளி, "கொழா தாண்டலியேம்மா, நானா தாண்டாதன்னு சொன்னேன்?" என்று கையை விரித்தார். வீட்டில் படுத்திருப்பவனுக்குக் கஞ்சிக்கு வேண்டும். வாங்கிக்கொண்டு போனாள்.

நாலு நாள் கழித்து வேப்பம்பட்டுக் கோவில் தர்மகர்த்தா குழாய் தேடி வந்தார். பொழுது சாயும் நேரம் வரைக்கும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார் முதலாளி. இந்தத் தடவை விற்பவர் நாங்கள், அதனால் எதிர்க்கரைக்குத் துணியோடு போனவன் நான். தர்மகர்த்தாவும் கூடவே வந்தார். ஏரி அசையாமல் இருந்தது. பாட்டு ஒவ்வொரு வார்த்தையும் காதுக்குப் பக்கத்தில் பாடுகிற மாதிரி வந்தது. பாடகர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. துணியைத் தூக்கினேன். தர்மகர்த்தா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு எருமை விலைக்கும் மேலே போய்ப் பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து குழாயை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் குப்பம்மாள் வந்துவிட்டாள். கஞ்சிக்கு அக்கம்பக்கத்தில் கடன் வாங்கினாளோ என்னமோ, நாங்கள் கொடுத்த பணம் அப்படியே முந்தானை முடிச்சில் இருந்தது. வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, அது ஏரிய தாண்டாம இருக்கவே இருக்காதாம். வெயில்ல பாத்தா எந்தக் கொழாவும் தாண்டாதாம். சாயங்காலம் பாக்கணுமாம். இந்தா உன் துட்டு. இன்னொரு வாட்டி கட்டிக் காட்டு, நான் போய் நிக்கிறேன்."

"வித்துட்ட சாமானுக்கு இன்னாம்மா இன்னொரு வாட்டி? போ போ" என்றார் முதலாளி.

தர்மகர்த்தா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் நியாயஸ்தர், நெற்றி சுருங்கிவிட்டது. முதலாளியைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, நீதானே எதிர்க்கரையில என்கூட நின்னே? அன்னிக்கு அவ்ளோ தெளிவா கேட்டுச்சே. இந்த அம்மா கொண்டாந்தப்போ ஏன் தாண்டல?"

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் வியாபாரம் போச்சு, வேலை போச்சு. பேசாமல் இருந்தாலும் அதேதான். யோசிக்க அவகாசம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவகாசம் இருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்தேன், அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"அந்தம்மா குட்த்தப்போ யூனிட் பாழாப் போயிருந்துச்சு சாமி. நாங்க புது யூனிட் வாங்கிப் போட்டுட்டோம். அதான் இப்போ தாண்டுது."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். தர்மகர்த்தா தலையை ஆட்டினார். அவருக்கு யூனிட் என்றால் என்ன என்றே தெரியாது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. குப்பம்மாளின் கோபம் அப்படியே அடங்கிப்போய்விட்டது.

"அப்டியா நைனா? அது எனக்குத் தெரியாம பூட்ச்சே. காசு போட்டு ரிப்பேர் பண்ணிக்கிறீங்க, நான் வந்து வாசல்ல நின்னு கத்திகினு கீறேன். மனசுல வெச்சுக்காத நைனா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதோடு விடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய்த் தர்மகர்த்தாவிடம், மழை வந்தால் சாக்குப் போட்டு மூடுங்கள், குழாய் வாயை மேலே பார்த்து வைத்துவிடாதீர்கள், தண்ணீர் இறங்கிவிடும் என்று பக்குவம் சொன்னாள். குழாயின் விளிம்பில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு நடந்து போனாள்.

இதற்கு மேல் எனக்குக் கோபமாகத்தான் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் கடைகளில் என்ன நடக்கிறது? வேலை போனவன், வீட்டைக் காலி செய்கிறவன், யாரோ ஒருவன் நல்ல ஸ்பீக்கரைக் கொண்டுவருகிறான். நீங்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காந்தம் செத்துப்போச்சு சார், கோன் போயிடுச்சு சார்" என்கிறீர்கள். அவனுக்குக் காந்தமும் தெரியாது, கோனும் தெரியாது. நம்பிக்கொண்டு பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். மறுநாள் அதையே தூசி தட்டி, கொஞ்சமும் தேயாத சாமான் என்று விற்கிறீர்கள். நாம் கற்ற தொழிலை எதிரில் நிற்பவன் கண்ணில் மண் தூவப் பயன்படுத்தினால் அது தொழில் இல்லை. என் சொந்தக் கடையில், வந்தவர்களை உட்கார வைத்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் குழாயைக் கட்டிப் பார்த்தேன். அதனால் நான் யோக்கியனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கதை இன்னும் இருக்கிறது.

குப்பம்மாள் ஆவடி முகாம் வேலையில் ஜல்லி சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பால் ஊற்றப் போகவேண்டிய இடத்துக்குக் கல் தூக்கப் போய்க்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில் எருமை வாங்கிக் கொடுக்க முடியாது, உண்மையையாவது சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவில்பதாகைக்குப் போனேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். பொன்னன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். அம்பத்தூர்க் கடை ஆள் என்று சொன்னதும், கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பி, கட்டில் ஓரத்தைத் தட்டி உட்காரச் சொன்னான்.

"என் கொழாவுக்குப் புச்சா யூனிட் போட்டியாமே?" என்றான்.

"ஆமா அண்ணாத்தே" என்றேன். உண்மை சொல்லப் போனவன், மறுபடியும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

அவன் என்னையே பார்த்தான். அவன் குரலில் சூடே இல்லை. "சண்டை ஆரம்பிச்சதுலேந்து கப்பல் வர்ல. மெட்ராஸ் பூரா தேடினாலும் ஒரு யூனிட் ஆப்டாது. உனுக்கு மட்டும் எங்க நைனா கெட்ச்சுது?"

தொழில் தெரிந்தவனுக்கு அந்தப் பொய் ஒரு நொடி கூட நிற்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய் நான் சொன்னதைச் சொன்ன அந்த நிமிஷமே அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது.

"அவளாண்ட நான் சொல்லல" என்றான். "பாவம் அந்தக் கடைப் புள்ள, அது மேல போய் சந்தேகப்பட்டுட்டேனேன்னு ரெண்டு நாளு பொலம்பிகினு இருந்தா. நான் இன்னான்னு சொல்வேன்? துணியத் தூக்கிக் காட்டியிருந்தா நம்ம ஊட்டுக்கு எருமை வந்திருக்கும்னா சொல்வேன்?"

"தப்புதான் அண்ணாத்தே" என்றேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? வெயில்ல நின்னவ அவ. பொய்து சாயச்சொல்ல வந்துடுவா. நீயே சொல்லு. குந்து."

உட்கார்ந்தேன். வெயில் மெல்ல வாசலைத் தாண்டிப் போனது. தெருக்கோடியில் ஜல்லிக் கூடைகளோடு பெண்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அதில் குப்பம்மாளின் குரலும் இருந்தது. அவள் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தாள். நான் எழுந்தேன். பொன்னன் என்னைத் தடுக்கவில்லை. வீட்டின் பின்பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ஏறி மிதித்துவிட்டேன். கடையில் சொன்ன பொய்யைவிட, அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போனதற்குத்தான் இந்த வயதிலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. பொன்னன் கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டேதான் அவள் செத்துப்போனாள்.